ஒட்டுநாடாவில் ஒரு புள்ளி

கல்லுக்குச் சோறூட்ட வந்திருக்கிறேன் என்றதும்
கிளெண்டோர் தோட்டத்து ஸ்டோர்காரர் அற்புதசாமி
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"எத்தனை நாளைக்கு?"
ஆறு நாள். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை.
"கறி சாப்பிடுமா?"
யூரியா சாப்பிடும், கொஞ்சம் கால்சியம்,
ஒரு கரண்டி சர்க்கரை.
யூரியாவா என்று சிரித்து
செம்பனைக்குப் போடும் மூட்டையைக் காட்டினார்.
வேண்டாம், ஈப்போவிலிருந்து சுத்தமானது கொண்டுவந்திருக்கிறேன்.
சாக்கு இரண்டு போதும், மூடி வைக்க.
"ஓ. கல்லுக்கு மட்டும் சுத்தம்."

கல் நிற்பது பழைய ரப்பர் ஆலைக்குப் பின்னால்,
பீடோர் பஸ் திரும்பும் முக்கில்.
ஆளுயரம் இல்லை, இடுப்பளவு.
காய்ச்சலில் போன முப்பத்தேழு பேர்.
பெயர் மட்டும். ஊர் இல்லை, வயது இல்லை.
சுண்ணாம்புக்கல் என்பதால் வெட்டியவனுக்குச் சுலபம்,
ஆலைக் கால்வாயின் அமிலத்துக்கு அதைவிடச் சுலபம்.
அறுபது வருஷம் புகையாக ஏறியது, மழையில் தெறித்தது.
தட்டில் பாலை உறைய வைத்தது எதுவோ
அதுவே வெளியே வந்து எழுத்தைக் கரைத்தது.

கோயில் கமிட்டி தவக்குமாருக்கு அவசரம்.
"டைல்ஸ் ஒட்டிட்டு, பேரைத் தங்க பெயிண்ட்ல எழுதிடலாம் டீச்சர்."
நான் டீச்சர் இல்லை.
எந்தப் பேரை எழுதுவீர்கள் என்றேன்.
பதினாலாம் வரியில் மிஞ்சியிருப்பது
"யம்மாள்".
கைப்பேசியை எடுத்துப் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கிருமி எதையும் நான் கொண்டுவரவில்லை.
இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.
கல்லின் துளைகளுக்குள் ஏற்கெனவே குடியிருப்பவை,
பட்டினியில் சுருண்டு கிடப்பவை.
ஊட்டினால் விழிக்கும், பெருகும்,
அவை கழித்ததில் சுண்ணம் படிகமாகும்,
உதிரவிருந்த பொடி பக்கத்துப் பொடியைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு தாம் கட்டிய சுவருக்குள்ளேயே
அடைபட்டுச் சாகும்.
அறிக்கையில் இதற்கு ஒரு சொல்தான்: வெற்றி.

மூன்றாம் நாள் ஈரச் சாக்கைத் தூக்கினேன்.
மூக்கில் அறைந்தது அமோனியா.
பஸ்ஸுக்கு நின்ற செவந்தியக்கா சட்டென்று திரும்பி
"ஆலை ஓடுதா?" என்றாள்.
பால் உறைந்துவிடாமலிருக்க வாளியில் ஊற்றுவார்களே,
அந்த வாடை.
அங்கே இறுகவிடாத வாடை
இங்கே இறுகுவதற்கு அடையாளம்.
விளக்க வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது.

இனி, அறிக்கையில் நான் எழுதாதது.

முதல் நாள், முதல் வாய் ஊட்டுமுன்,
கல் எவ்வளவு உதிர்கிறது என்று பார்க்கக்
கடைசி வரியில் ஒட்டுநாடா ஒட்டிப் பிய்த்தேன்.
அதுதான் முறை.
மாவு வந்தது, பதினொரு மில்லிகிராம்.
கூடவே வந்துவிட்டது
மருதன் என்ற பெயரின் கடைசி எழுத்துமேல் இருந்த புள்ளி.

படத்தில் இருக்கிறது. கல்லில் இல்லை.
இப்போது அவன் மருதன.
புள்ளி போனால் மெய்க்கு உயிர் வரும் என்று
தமிழ்ப்பள்ளியில் பாடம்.
அது ஞாபகம் வந்து ஒரு கணம் சிரித்தேன்,
அந்தச் சிரிப்போடு தனியாக நிற்க முடியாமல்
தெளிப்பானை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

ஏழாம் நாள், அதே வரியில் இன்னொரு நாடா.
வெறும் நாடாவாகத் திரும்பி வந்தது.
தட்டினால் கல்லில் புதுச் சத்தம்.
போனதை அவை கொண்டுவருவதில்லை,
இருப்பதை, இருக்கிறபடியே, விடாமல் பிடிக்கும்.
என் தவறையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கின்றன.

"சாப்பிட்டுச்சா?" என்றார் அற்புதசாமி.
சாப்பிட்டது.
"அப்ப அந்த ரெண்டு சாக்கை எந்தக் கணக்குல எழுத?"

முதல் நாடாவை எடை போட்டாகிவிட்டது,
வீசிவிடலாம்.
பீடோர் வரை மடியில் வைத்திருந்தேன்,
ஜன்னல் காற்று படாமல்.